ஸூரியை மறந்த வாசிப்பு

செவ்வியல் நாவல்களைத் தேர்வுக்காகப் படிப்பவர் விடையைத் தேடுகிறார். இன்பத்திற்காகப் படிப்பவர் கதையோடு செல்கிறார். முன்னது நூலின் உயிரைப் போக்கிவிடுகிறது, பின்னதே மெய்யான வாசிப்பு என்று கூறுவது நம்மிடையே வழக்கம். டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட 'ராபின்சன் குரூசோ'வை முழுமையாகப் படித்துப் பார்த்தால், இக்கூற்றில் பாதியே உண்மை என்பது விளங்கும்.

இளமையில் சுருக்கப் பதிப்பில் படித்தவர்களுக்கு ஆளில்லாத தீவும், தோலால் தைத்த குடையும், மணலில் பதிந்த ஒற்றைக் காலடித் தடமும் நினைவிருக்கும். கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள், குரூசோ தன் நிலையின் நன்மை தீமைகளை வணிகனின் கணக்கேடு போல எதிரெதிரே எழுதிவைப்பதையும், ஃபிரைடேயின்மீது அவன் செலுத்தும் ஆதிக்கத்தையும் பற்றி எழுதியிருப்பார்கள். இரு சாராரும் பெரும்பாலும் தீவிலிருந்தே தொடங்குகின்றனர். தீவுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்ட ஒன்றை இருவருமே எளிதில் கடந்துவிடுகின்றனர்.

மொராக்கோவின் ஸலே துறைமுகத்தில் குரூசோ இரண்டு ஆண்டுகள் அடிமையாயிருந்தான். அங்கிருந்து படகில் தப்பியபோது ஸூரி என்னும் சிறுவனை உடன் கொண்டுசென்றான். விசுவாசமாயிருக்குமாறு நபிகள் நாயகத்தின் பெயரால் அவனை ஆணையிடச் செய்தான். அவ்வாறிருந்தால் பெரிய மனிதனாக்குவதாக வாக்களித்தான். அறியாத கரையில் இறங்க நேர்ந்தபோது, தன்னைக் காட்டு மனிதர் தின்றாலும் குரூசோ தப்பிச் செல்லட்டும் என்று முன்வந்தவன் ஸூரி. பின்னர் போர்த்துகீசியக் கப்பல் ஒன்று இருவரையும் மீட்டது. அதன் தலைவர் படகுக்கு 80 ஸ்பானிய வெள்ளி நாணயங்களும் சிறுவனுக்கு 60 நாணயங்களும் தர முன்வந்தார். கிறிஸ்தவனாக மாறினால் பத்தாண்டுகளில் விடுதலை என்பது நிபந்தனை. குரூசோ முதலில் தயங்கினான், பிறகு விற்றான். பிரேசிலில் தோட்டம் அமைத்தபின் ஸூரியைப் பிரிந்தது தவறென வருந்துகிறான். வேலைக்கு ஆள் போதவில்லை என்பதே காரணம்.

இவ்வளவும் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. இன்பத்திற்காகப் படிப்பவர் இதைக் கடந்துவிடுவதில் வியப்பில்லை. கதை குரூசோவின் வாயால் சொல்லப்படுகிறது. நாமும் அவன் படகிலேயே அமர்ந்திருக்கிறோம். கப்பல் வந்ததும் அவன் மகிழ்ச்சி நமக்கும் தொற்றிக்கொள்கிறது. அம்மகிழ்ச்சிக்கு நடுவேதான் பேரமும் முடிகிறது. இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவது மாணவனின் பென்சில். யார் சொல்கிறார், யார் பேசவில்லை, எதற்கு என்ன விலை என்று கேட்கும் பயிற்சியை வகுப்பறை தருகிறது. படகைவிடச் சிறுவனின் விலை குறைவு என்பதை அப்பயிற்சியே காட்டுகிறது. எனினும் பாடத்திட்டம் குறித்த கேள்விகளோடு நின்றுவிடும் மாணவனுக்கும் ஸூரி அகப்படுவதில்லை. கேட்கப்படாத பக்கங்களிலும் நின்று உலவும் ஓய்வு அவனுக்கு வேண்டும்.

நம் சமூகத்தில் மூன்றாவது வாசிப்பு ஒன்றும் உண்டு. அது பெருமைக்கான வாசிப்பு. அந்தலூஸிய அறிஞர் இப்னு துஃபைல் (மறைவு 1185) எழுதிய 'ஹை இப்னு யக்ளான்' 1671இல் லத்தீனிலும், 1708இல் சைமன் ஓக்லியால் அரபியிலிருந்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆகவே குரூசோவின் மூலம் நம்முடையது என மேடைகளில் முழங்குகிறோம். டீஃபோ அந்நூலைப் பயன்படுத்தினார் என்பதற்குக் கால ஒற்றுமையும் தீவும் மட்டும் சான்றாகா. அதனினும் வருந்தத்தக்கது, அவ்வாறு முழங்குவோர் பலர் ஹையைப் படித்ததில்லை என்பதே. படித்திருந்தால், இரு நூல்களின் ஒற்றுமையைவிட வேற்றுமையே அவர்களை ஈர்த்திருக்கும். குரூசோ தன்னைத் தீவின் அரசனாகக் கருதிக்கொள்கிறான். மானால் வளர்க்கப்பட்ட ஹையோ, கனியை உண்ணும்போதும் அதன் விதை அழியாமல் காக்கிறான். படைத்தவனின் செயலுக்குத் தன்னால் இடையூறு நேரலாகாது என அஞ்சுகிறான்.

இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, எது முந்தியது என்னும் கேள்வி சிறிதாகிவிடும். தனித்திருக்கும் மனிதன் பிற உயிருக்கு என்ன கடமைப்பட்டவன் என்னும் கேள்வி பெரிதாகும். அக்கேள்வியைக் காண மாணவனின் கவனமும் வேண்டும். நேரத்தை எண்ணாத வாசகனின் நிதானமும் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேரும்போதுதான், 60 நாணயங்களுக்கு விலைபோன அச்சிறுவனை நாம் திரும்பிப் பார்ப்போம்.