நடேசய்யரின் எழுதுகோல்

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வறுமையைத் தமிழ் இதழியலின் பொருளாக்கிய முன்னோடி, தஞ்சை மண்ணினரான கோ. நடேசய்யர். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்னும் இதழ்களைத் தொடங்கிய அவர், பிறர் நுழைதற்கரிய தோட்டங்களுட் புடைவை வணிகராய்ப் புகுந்து நிலைமையை நேரிற் கண்டார் என்பர். கண்டதை எழுதுதலே அவர் எழுத்தின் வலிமை. அதற்கும் ஓர் எல்லையுண்டு. எவர்க்காக எழுதினாரோ அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவ்விடைவெளியைத் துணைவியார் மீனாட்சியம்மாள் இயற்றிப் பாடிய பாடல்கள் நிரப்பின. ஆதலின் இதழையும் பாட்டையும் ஒருங்கு வைத்து மதிப்பிடலே முறை. 1931இல் தொழிற்சங்கம் கண்ட அவர் 1947இல் மறைந்தார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. 1977 வன்செயலின்பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறிய மலையகத்தாரின் வாழ்வு, அத்தகையதோர் எழுதுகோலை இன்றும் வேண்டி நிற்கின்றது.