வினாத்தாளில் இருந்த பிழை

பெண்ணெழுத்து குறித்த தாளுக்கு நான் தயாரித்த வினாக்களை அண்மையில் மறுபடி படித்தேன். பாமாவின் ‘கருக்கு’ பற்றிய வினா, நூலின் மொழிநடையை ஆராயச் சொன்னது. அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ பற்றிய வினா, ‘திருநங்கையர் படும் துயரங்களைத் தொகுத்துரைக்க’ என்றது. ஒருவரை எழுத்தாளராகவும் இன்னொருவரை வெறும் சாட்சியாகவும் வைத்துவிட்டேன். மேடைதோறும் பெண்ணியம் பேசுகிற நான்தான் அந்த வினாவை எழுதியவள்.

ரேவதி துயரத்தை மட்டும் எழுதியவர் அல்லர். 2005இல் வந்த ‘உணர்வும் உருவமும்’ நூலுக்காகப் பிற அரவானிகளின் வாழ்க்கையைத் தொகுத்தார். தன் கதைக்குப் பிறகுதான் வந்தார். தமிழில் அவர் எழுதிய தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வெளியானது. தமிழில் வாசிக்க நாம் அதற்குப் பிறகும் காத்திருந்தோம்.

அந்த நூலில் அண்ணன்களின் அடியும் காவல் நிலையத்தின் அடியும் உண்டு. கூடவே, குடும்பத்தைப் பற்றிய கூர்மையான விசாரணையும் உண்டு. பிறந்த வீடு விரட்டுகிறது. ஜமாத் மகளாக ஏற்கிறது. ஆனால் தாயாக அணைக்கும் குருவே கட்டளையிடுபவராகவும் இருக்கிறார். அன்பும் அதிகாரமும் ஒரே வீட்டில் குடியிருப்பதைப் பெண்ணியம் எத்தனை காலமாகப் பேசிவருகிறது! அதை ரேவதியிடம் காண மட்டும் நமக்குக் கண் இல்லை.

பால்புதுமையினர் வரலாற்றை எழுதும்போதும் இதே பிழை நேர்கிறது. 377ஆம் பிரிவு என்றதும் 2018 தீர்ப்பையும் வானவில் கொடியையும் நினைக்கிறோம். 1884இல், பெண்ணுடை அணிந்து பாடியதற்காகக் கைதான கைராத்தி என்பவர் மீது இதே பிரிவில்தான் வழக்கு நடந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்றாம் பாலினத்தை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த வழக்கை நினைவுகூர்கிறது. ஆனால் அப்போதும் 377 உயிரோடுதான் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 டிசம்பரில், அதே நீதிமன்றம்தான் அதற்கு மறுவாழ்வு அளித்திருந்தது. அடையாளத்தை ஏற்ற சட்டம், காதலைக் குற்றமாகவே வைத்திருந்தது.

வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களாகத் திருநர்களை எண்ணுவது தவறு. இந்த வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே அவர்கள் நிற்கிறார்கள்.

இந்தப் பருவத்திற்கு வினாவை மாற்றியிருக்கிறேன்: ‘குடும்பம் என்னும் அமைப்பை வெள்ளை மொழி எவ்வாறு விமர்சிக்கிறது?’ மாணவிகளுக்கு முன்னால் நான் எழுதிப் பார்க்க வேண்டிய விடை அது.