மின் கார் எவ்வளவு தூரம் ஓடும்?

மின் கார் விளம்பரத்தில் உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? ஒருமுறை மின்னேற்றினால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண்தான். அரசு ஏற்றுக்கொண்ட சோதனையில் கிடைத்த எண் என்பதால் அதை நாம் ஐயமின்றி நம்பிவிடுகிறோம். அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று சற்று ஆராய்வோம்.

2010-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானின் நிசான் நிறுவனம் 'லீஃப்' என்னும் மின் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பாட்டரியின் கொள்ளளவு 24 கிலோவாட்-மணி. வீட்டு மீட்டர்க் கணக்கில் 24 யூனிட். இந்தக் கார் ஜப்பானியக் கணக்குப்படி 200 கி.மீ., ஐரோப்பியக் கணக்குப்படி 175 கி.மீ., அமெரிக்கக் கணக்குப்படி 117 கி.மீ. ஓடும்! காரும் ஒன்று, பாட்டரியும் ஒன்று. தூரம் மட்டும் மாறியது ஏன்?

சோதனை முறை வேறுபட்டதே காரணம். ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகளின்மேல் நிறுத்தி, ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். அன்றைய ஜப்பானிய அட்டவணையின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 24 கி.மீ.; ஐரோப்பிய அட்டவணையில் சுமார் 34 கி.மீ. பின்னதில் கார் 120 கி.மீ. வேகத்தை எட்டினாலும், அவ்வேகத்தில் ஓடுவது 10 வினாடிகளே. அமெரிக்காவிலோ, ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் தூரத்தைப் பொதுவாக 0.7 ஆல் பெருக்கி, குறைத்தே அறிவிக்கிறார்கள்.

வேகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றல் வேண்டும். மெதுவான அட்டவணையில் இச்செலவு வெளியே தெரிவதில்லை. குளிர் நாடுகளில் இன்னொரு செலவும் உண்டு. பெட்ரோல் என்ஜினின் வீண் வெப்பமே காரின் உட்புறத்தைச் சூடாக்கிவிடும். மின் காரிலோ அதற்கும் பாட்டரிதான் கொடுக்க வேண்டும்.

பாட்டரியின் எண்ணும் ஆராயத் தக்கதே. 2019-இல் விற்பனையான ஆடி இ-ட்ரான் காரின் பாட்டரி 95 கிலோவாட்-மணி என்று குறிப்பிடப்பட்டது. ஓட்டுநர் பயன்படுத்தக்கூடியதோ 83.6 மட்டுமே. மின்கலங்களை முற்றிலும் நிரப்புவதும் முற்றிலும் காலியாக்குவதும் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய எண்ணை முன்னிறுத்திச் சிறிய எண்ணைப் பின்னே தள்ளுவது முறையன்று.

அப்படியானால் இச்சோதனைகளே வேண்டாமா? வேண்டும். ஒரே சோதனைக்கு உட்பட்ட இரு கார்களை ஒப்பிட அவை உதவுகின்றன. குறைகளைத் திருத்தும் முயற்சியும் நடந்துள்ளது. ஐரோப்பாவில் 2017 முதல் வந்த புதிய அட்டவணையின் சராசரி வேகம் 46.5 கி.மீ.; உச்ச வேகம் 131 கி.மீ. ஆயினும் அதுவும் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், குளிர்சாதனத்தை நிறுத்திவைத்தே நடத்தப்படுகிறது. இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட அட்டவணையோ பழைய ஐரோப்பிய முறையைத் தழுவியது. அதன் உச்ச வேகம் 90 கி.மீ. மட்டுமே. சித்திரை வெயிலில் குளிர்சாதனத்துடன் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்?

எண் பொய் என்பதல்ல நம் குறை. எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில் என்ற விவரமின்றி அதைத் தனியே அச்சிடுவதுதான் குறை. அலகு எழுதாத விடைக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவாரா? பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்செலவு ஆகிய இரண்டையும் விளம்பரத்தில் அச்சிட வேண்டும்.

அதுவரை நீங்களே ஒரு வகுத்தல் கணக்குப் போடலாம். கொள்ளளவைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். லீஃப் காருக்கு ஜப்பானியக் கணக்கு கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி; அமெரிக்கக் கணக்கு சுமார் 205. விளம்பரத்தில் காணும் காருக்கு 100-க்கும் குறைவாக வந்தால், அந்தத் தூரம் மெதுவான ஓட்டத்தில் கிடைத்தது என்று கொள்ளுங்கள். விலை பேசுமுன், நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓடும் என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள்.