தளர்ந்த கட்டையும் தேர்ந்த கையும்

நம் நாட்டுப் போலீஸாரின் தோளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கி, 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரால் பட்டிதொட்டியெல்லாம் பிரசித்தி பெற்றுவிட்ட லீ என்ஃபீல்டு துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள், அதன் குழலையும் விசையையும் கண்டு வியப்பார்களே தவிர, அவற்றைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. குண்டு குறி பிசகாமல் செல்வதில் அந்தக் கட்டைக்கும் சரிபங்கு உண்டு என்பதும், அதில் ஓர் உறுப்பு மயிரிழை தளர்ந்தாலும் நல்ல குழல்கூடப் பயனற்றுப் போகும் என்பதும், அத்தளர்ச்சியைப் போக்கும் வேலை நுண்கலைகளின் வரிசையில் வைத்துப் போற்றத் தக்கது என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

லீ என்ஃபீல்டு வரிசையில் 1907-ல் உருவான மூன்றாம் மார்க் துப்பாக்கியின் கட்டை ஒரே மரத்துண்டு அன்று. தோளில் பதியும் பின்கட்டை தனி. குழலுக்கு அடியில் நீளும் முன்கட்டை தனி. பின்கட்டையின் முனையிலுள்ள கழுந்து எஃகுக் குடுவைக்குள் நுழைந்திருக்க, கட்டையின் உள்ளூடே செல்லும் நீண்ட போல்ட் ஒன்று அதனை இழுத்துப் பிடிக்கிறது. ஆள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்ப, அரை அங்குல வித்தியாசத்தில் பின்கட்டைகளைச் செய்து வைத்திருந்தார்கள் என்றால், அந்நாளைய சிற்பிகளின் சிரத்தைக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆயினும் இந்த அமைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த போல்ட்டின் முனை சதுரமாக வெட்டப்பட்டு, முன்கட்டையில் பதித்த ஒரு தகட்டைக் கவ்வி நிற்கிறது. பின்கட்டை ஆடுகிறதே என்று பதைத்து, முன்கட்டையைக் கழற்றாமலே போல்ட்டைத் திருப்புகிறவன், அந்தச் சதுர முனையாலேயே முன்கட்டையைப் பிளந்துவிடுகிறான். ஆகவே, ஆர்மரர் என்று பட்டாளத்தில் அழைக்கப்படும் ஆயுதக் கம்மியர், பின்பக்கத்து நோய்க்கு முன்பக்கத்திலிருந்தே வைத்தியம் தொடங்குவார்.

தளர்ச்சி என்றவுடன் திருப்புளியைத் தேடுவது மனித சுபாவம். விசைக்காப்பின் முன் திருகாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிலும் மரத்துக்குள் ஒரு சிறிய எஃகுப் பூண் இருக்கிறது; இறுக்குகிற வேகத்தில் மரம் நசுங்கிவிடாமல் காப்பதே அதன் பணி. பல கோடைகளைக் கண்ட மரம் உலர்ந்து சுருங்கும், பூண் சுருங்காது. அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் திருகாணி பூணின்மேல் போய் நிற்குமேயன்றி மரத்தைப் பற்றாது. பூணை அரத்தால் ராவிக் குறைத்துவிடுவோர் உண்டு. அது அவசரக்காரரின் வழி. பூணைத் தொடாமல், சுருங்கிய மரத்தின்மேல் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டி, இழந்த கனத்தை மரத்துக்கே திருப்பிக் கொடுப்பவரைத்தான் நான் நிபுணர் என்பேன்.

இந்தக் கலையின் உச்சம் முன்கட்டையின் பின்கோடியில் இருக்கிறது. அங்கே உட்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சிறு முகங்கள் உள்ளன. துப்பாக்கி வெடிக்கும்போது பின்னோக்கி உதைக்கும் எஃகின் விசையை முன்கட்டை ஏற்பது அந்த இரண்டின்மேல்தான். எந்திரத்துக்கு இட்ட எண்ணெய் நாளடைவில் கசிந்திறங்கி அவ்விடத்து மரத்தை மென்மையாக்கும். மெத்தென்றாகிவிட்ட மரம் உதையில் அமுங்கும். அமுங்கிய இடைவெளியில் எஃகு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் கட்டையின் கோடி விரிசல் விடும். கம்மியர் சாக்குக்கட்டிப் பொடியை அப்பி, இளஞ்சூட்டில் வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறார். கெட்ட மரத்தை நல்ல மரம் தென்படும் வரை உளியால் நீக்கி, அவ்விடத்தில் கடினமான மரத்துண்டுகளை, அவற்றின் ரேகை உதையின் திசையிலேயே ஓடும்படி பதித்து ஒட்டுகிறார். ரேகையின் தலைப்பு எஃகை எதிர்கொண்டால்தான் மரம் அமுங்காமல் தாங்கும்.

இனிமேல்தான் பார்த்து ரசிக்க வேண்டிய கட்டம். எஃகுப் பகுதியை மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிப் புகைக்கரி படியச் செய்து, கட்டையில் வைத்து அழுத்தி, ஒரு தட்டுத் தட்டி, நேராகத் தூக்குகிறார். மரத்தில் ஓரிரு கரும்புள்ளிகள் தெரிகின்றன. எஃகு தொடுகிற இடங்கள் அவை மட்டுமே. அந்தப் புள்ளிகளை மாத்திரம், ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய சீவலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் புகை, மீண்டும் அழுத்தம், மீண்டும் சுரண்டல். புள்ளிகள் பெருகிப் பரவி, இரு முகங்களும் ஒரே சீராகக் கறுக்கும் வரையில் இந்தப் பொறுமையான உபாசனை நடக்கிறது. ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்திருந்தால் உதை முழுவதும் ஒரே பக்கத்தைத் தாக்கும், குறியும் தடுமாறும். கடைசித் தட்டுக்குப் பிறகு எஃகு மரத்தைவிட்டு வர மனமில்லாமல் சற்றே தயங்கிப் பிரிகிறதே, அந்தத் தயக்கத்தைக் கையால் உணர்ந்தவர்களுக்கு வேறு பாராட்டு தேவைப்படாது.

பின்கட்டையின் கோடியில் உள்ள தகட்டுத் திருகாணிகள் தளர்வது சிறிய விஷயம். ஆயினும் அங்கும் ஞானம் வேண்டும். ரேகையின் தலைப்பில் இறங்கும் திருகாணிக்கு இயல்பாகவே பிடிப்புக் குறைவு. தேய்ந்த துளையை அடைக்கும் மரஆணியின் ரேகை திருகாணிக்குக் குறுக்காக அமைந்துவிட்டால், புரிகள் நாரை வெட்டிப் பிடித்துக்கொண்டு கெட்டியாக நிற்கும்.

உதையால் முன்கட்டையின் கோடி பிளந்துபோகும் தொல்லையைத் தொழிற்சாலைகளும் அறிந்தே இருந்தன. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தி மரத்தைக் கட்டிப் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையோ, இரண்டாம் உலக யுத்த காலத்தில் கோச்வுட் என்னும் மென்மையான உள்நாட்டு மரத்தைக் கையாள நேர்ந்தபோது, உதை தாங்கும் அந்த இரண்டு முகங்களிலும் சிறு செப்புத் தகடுகளைப் பதித்தது. இஷாப்பூரின் திருகாணி பலமானது, மலிவானது, எளிதில் மாட்டக் கூடியது. என்றாலும் அது பிளவைத் தடுக்கிறதேயொழிய, பிளவுக்கு மூலமான அமுக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. செப்புத் தகடு உதை விழும் இடத்திலேயே அதனை வாங்கிப் பரப்பிவிடுகிறது. இரண்டில் லித்கோவின் வேலையே உயர்ந்தது என்பது என் தீர்ப்பு.