முடிவில்லாமையும் நிலைவாழ்வும்

சாவே இல்லாத வாழ்வு கிடைத்தால் மனிதன் மகிழ்வானா? 1983-இல் வெளிவந்த 'தி ஹங்கர்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகிறது. விட்லி ஸ்ட்ரைபரின் புதினத்தைத் தழுவி, விளம்பரப் படங்களில் கைதேர்ந்த டோனி ஸ்காட் இயக்கியது. முதிர்ந்தோர்க்கே உரிய படம், சிறுவர்க்கு உகந்ததன்று.

பிறர் குருதியைப் பருகி, பல்லாயிரம் ஆண்டுகளாக இளமை குன்றாமல் வாழ்பவள் மிரியம் (காத்ரீன் டெனூவ்). தன் துணைவன் ஜானுக்கு (டேவிட் போவி) 'என்றென்றும்' என வாக்களித்தவள். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், திடீரென அவனை முதுமை பற்றுகிறது. மூப்பை ஆராயும் மருத்துவர் சாராவை (சூசன் சராண்டன்) அவன் நாடுகிறான். அவளோ அவனைப் பித்தனென எண்ணிக் காத்திருக்கச் சொல்கிறாள். அந்த அறையிலேயே, சில மணி நேரத்தில், அவன் தள்ளாடும் கிழவனாகிறான்.

படத்தின் உயிர்நாடி இக்காட்சியே. நம் இல்லங்களிலும் முதியோர் எத்தனை பேரை 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லி மறந்திருக்கிறோம்!

ஜான் சாவை இரந்து கேட்கிறான், அதுவும் கிடைப்பதில்லை. மாடியறைப் பெட்டிகளில், மிரியத்தின் முன்னாள் காதலர் பலரும் மட்கிய உடலோடு, உணர்வு மட்டும் அழியாமல் கிடக்கின்றனர். அவர்கள் நடுவே அவனும் கிடத்தப்படுகிறான். அவள் தந்தது வாழ்வன்று, சாவின்மை மட்டுமே. இருவரும் அணியும் எகிப்திய வாழ்வுச் சின்னத்துக்குள் கத்தி மறைந்திருப்பது பொருத்தமான உருவகம்.

நீல ஒளி, அசையும் திரைச்சீலைகள், ஷூபர்ட்டின் இசை என அழகு மிகுந்து, சில இடங்களில் விளம்பரத்தை நினைவூட்டுவது குறையே. எனினும் எதுவும் வாடாத அவ்வீட்டில் எதுவும் தளிர்ப்பதுமில்லை என்பதை அதே அழகு உணர்த்துகிறது.

பெருங்குறை முடிவில் உள்ளது. பிறர் குருதியில் வாழ மறுத்துச் சாரா தன்னையே குத்திக்கொள்கிறாள். அச்செயலை நாம் ஏற்க இயலாது. அம்மறுப்பின் மேன்மையை மறுக்கவும் இயலாது. ஆனால் இறுதிக் காட்சியில், மிரியத்தின் இடத்தில் அவளே உயிரோடு நிற்கிறாள்! படம் தன் உண்மையைத் தானே கைவிடுகிறது.

பிறர் குருதியை உறிஞ்சி நாள்களை நீட்டுவது முடிவில்லாமை. பிறர்க்காகத் தம் குருதியைச் சிந்தியவர் தருவது நிலைவாழ்வு. இவ்வேறுபாட்டைப் படம் சொல்லவில்லை. ஆயினும் அந்த மாடியறை நம்மை அதை எண்ண வைக்கிறது.