அச்சத்துள் நகை: 'லெப்ரிகான்' திரைப்படமும் காண்போர் மெய்ப்பாடும்

அச்சம் விளைத்தற்கென்றே ஆக்கப்பெற்ற ஒரு திரைப்படத்தைக் கண்டு மக்கள் நகைப்பரேல், அந்நகை படைப்பின் தோல்வியைக் காட்டுவதா, காண்போரின் சுவைக்குறையைக் காட்டுவதா, அன்றி இவ்விரண்டனுள்ளும் அடங்காத வேறொன்றைக் காட்டுவதா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். 1993ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்க நாட்டில் வெளிவந்த 'லெப்ரிகான்' என்னும் படம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வழங்கும் குறளுரு ஒன்றினைக் கொலை புரியும் கொடும்பூதமாக்கி, மார்க் ஜோன்ஸ் என்பார் அதனை எழுதி இயக்கினார். பத்து இலட்சம் டாலருக்குச் சற்றே குறைந்த செலவில் உருவான அப்படம், அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 85 இலட்சம் டாலர் ஈட்டிற்று. வெளிவந்த காலத்துத் திறனாய்வாளருள் பெரும்பாலோர் அதனை இகழ்ந்தனர். ஆயினும் 1994 முதல் 2018 வரை ஏழு படங்கள் அதன் வழியில் தொடர்ந்தன. அயர்லாந்தின் காவல் துறவியாகிய பேட்ரிக்குக்குரிய மார்ச்சு 17ஆம் நாளில் இப்படவரிசையைக் கண்டு மகிழும் வழக்கமும் அமெரிக்கப் பார்வையாளரிடையே வேரூன்றியது. இகழப்பட்ட ஒன்று விரும்பப்படுவதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். அதனை ஈண்டுக் காண்பாம்.

கதையும் நகையும்

ஓ'கிரேடி என்னும் முதியவன் அயர்லாந்தில் ஒரு லெப்ரிகானைப் பிடித்து, அதன் பொற்காசுகளைக் கவர்ந்து, வடடக்கோட்டாவிலுள்ள தன் இல்லத்திற்கு மீள்கின்றான். பொன்னைத் தேடி வந்த பூதத்தை ஒரு பெட்டியுள் அடைத்து, நான்கிலைக் கிளாவர் ஒன்றால் கட்டுப்படுத்துகின்றான். பத்தாண்டுகள் கழித்து அவ்வீட்டிற்கு வந்தோருள் ஒருவன் அறியாமையால் அக்கட்டினை நீக்கிவிடுகின்றான். வெளிப்பட்ட பூதம் தன் பொன்னை நாடிக் கொலைமேற் கொலை செய்கின்றது. ஒவ்வொரு கொலையிடத்தும் அது நகைமொழி பகர்கின்றது. துள்ளி விளையாடும் சிறுவர் கோலொன்றின்மேல் ஏறி நின்று, அடகுக்கடைக்காரனை மிதித்தே கொல்கின்றது. துரத்தி வரும் அதன்முன் காலணிகளை எறிந்தால், துரத்தலை மறந்து அமர்ந்து அவற்றைத் துடைக்கத் தொடங்குகின்றது. இக்காட்சிகளில் திரையிலுள்ளோர் அஞ்சுகின்றனர்; காண்போரோ நகைக்கின்றனர்.

மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியனார் கருத்தை மேற்கோளாகத் தருகின்றார். ஒருவன் உற்று நிகழ்த்திய உணர்வு அதனைக் காண்போர்பாற் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். அக்கருத்தின்படி, திரையில் அஞ்சுவாரைக் கண்டார் தாமும் அஞ்சுதல் வேண்டும். அவ்வாறு நிகழாமையின் இவ்விலக்கணம் ஈண்டுப் பொருந்தாது என்பர் சிலர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். திரையில் உணர்வு நிகழ்த்துவார் இருதிறத்தார்: அஞ்சுவோர் ஒருதிறம், அச்சுறுத்தி மகிழும் பூதம் மற்றொரு திறம். காண்போரைச் சென்று சேர்ந்தது பூதத்தின் உவகையும் எள்ளலுமே. எனவே இலக்கணம் பிழைபடவில்லை. யாருடைய உணர்வு சென்று சேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

அச்சம் நிலைபெறாமை

காண்போர் மனம் பூதத்தின் பக்கம் சாய்ந்தது ஏன்? அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கினையும் விலங்கினையும் கள்வரையும் தம் இறைவரையும் வகுத்தனர். இப்படத்தின் பூதம் மக்களின் வேறாய ஆற்றலுடைமையின் அணங்கு. கடித்தும் கீறியும் ஊறு செய்தலின் விலங்கு. கள்வர் யாவர் என நோக்கின், அவர் மக்களே ஆவர். ஓ'கிரேடி பொன்னைத் திருடினான். பின் வந்தோர் கிடைத்த பொன்னைத் தமதாக்கக் கருதினர். அவருள் ஒருவன் ஒரு காசினை விழுங்கியும் விட்டான். பூதமோ தன் உடைமையை மீட்க வந்த உரிமையாளன். கள்வர்பால் அஞ்சவேண்டிய காண்போர், கள்வர் அஞ்சுவதைக் காண்கின்றனர். அவ்விடத்து இரக்கம் தளர்கின்றது. இரக்கம் தளரவே அச்சமும் தளர்கின்றது. எள்ளல் அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றது.

எள்ளல் தான் பிறரை எள்ளுதலாலும் பிறரால் எள்ளப்படுதலாலும் இருவழி வரும் எனப் பேராசிரியர் விளக்குவர். இப்படத்தில் அவ்விருவழியும் உள. பூதம் மக்களை எள்ளுகின்றது. காலணி கண்டவழித் தன் சினம் மறக்கும் அப்பூதம் எள்ளவும்படுகின்றது. இந்நகையைப் படைப்போர் அறியாது நேர்ந்த விபத்து என்றல் பொருந்தாது. பூதமாக நடித்த வார்விக் டேவிஸ் தம் நடிப்பில் நகையினை விரும்பிச் சேர்த்தவர்.

நாட்டுப்புற மூலம்

இனி, மூலக் கதைகளை நோக்குவாம். ஃபெர்குஸ் மாக் லேட்டி என்னும் மன்னனைப் பற்றிய பழைய ஐரிஷ் கதையில், கடற்கரையில் துயிலும் மன்னனைக் குறளுருக்கள் கடலுள் இழுத்துச் செல்ல முயல்கின்றன. விழித்துக்கொண்ட மன்னன் அவற்றைப் பற்றி, விடுதலைக்கு விலையாக நீருள் இயங்கும் ஆற்றலைப் பெறுகின்றான். இங்கு அச்சம் உண்டு, நகை அரிது. தாமஸ் கிராஃப்டன் குரோக்கர் 1825இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள கதையொன்றோ வேறு வகையினது. காலணி தைக்கும் குறளுருவினைப் பற்றிய உழவன் ஒருவன், பொன் புதைந்த செடியைக் காட்டுமாறு வற்புறுத்துகின்றான். அது காட்டிய செடியில் சிவப்பு நாடாவை அடையாளமாகக் கட்டி, அதனை அவிழ்ப்பதில்லை என்னும் உறுதியும் பெற்று, மண்வெட்டி கொணரச் செல்கின்றான். மீண்டு வந்து காண்கையில் வயல் முழுதும் ஒவ்வொரு செடியிலும் அத்தகைய சிவப்பு நாடா. குறளுரு தன் சொல்லைக் காத்தது, பொன்னையும் காத்தது. உழவன் நாணிச் செல்கின்றான், உயிரோடு செல்கின்றான்.

நகை, படம் புதிதாகப் புகுத்தியது அன்று என்பது இதனாற் பெறப்படும். பேராசைக்காரன் ஏமாறுதலும் குறளுரு அவனை எள்ளுதலும் மூலத்திலேயே உள்ளவை. படம் மாற்றியது தண்டனையை. நாட்டுப்புறக் கதை நாணத்தைத் தண்டமாக விதித்தது; திரைப்படம் சாவினை விதித்தது. ஒரு காசிற்கு ஓருயிர் என்னும் அளவின்மையைக் கண்டவழிக் காண்போர் நகைத்தல் இயல்பே. படம் தன் மூலத்தினின்றும் விலகிய இடத்தை அந்நகை பிழையின்றிச் சுட்டுகின்றது. மறுதலையாக, காலணித் தச்சன் என்னும் பழைய மரபினைப் படம் பின்பற்றிய இடம் காலணி துடைக்கும் காட்சியே. அக்காட்சியைப் பலர் அன்போடு நினைவுகூர்கின்றனர். ஆண்டும் நகையே தோன்றுகின்றது. எனினும் அந்நகை இகழ்ச்சியின் பாற்பட்டதன்று. இவ்விருவகை நகையையும் ஒன்றெனக் கொண்டமையே முன்னைத் திறனாய்வாளர் மதிப்பீட்டின் குறை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

குறைந்த செலவினால் நேர்ந்த எளிமையே நகைக்குக் காரணம் எனின், அது பொருந்துமாறில்லை. கேப் பார்ட்டலோஸ் அமைத்த பூதத்தின் முகவொப்பனை திறம் வாய்ந்தது. மேலும், 2014இல் வெளிவந்த 'லெப்ரிகான்: ஆரிஜின்ஸ்' இதற்குத் தக்க சான்றாகின்றது. அதன்கண் நகைமொழி நீக்கப்பட்டது. பச்சை உடை களையப்பட்டது. குறளுரு முற்றிலும் விலங்கனைய உருவாயிற்று. கதைக்களனும் அயர்லாந்தாகவே அமைந்தது. டேவிஸும் அதில் நடித்திலர். அச்சத்திற்கு இடையூறாக இருந்தவை நீங்கியமையின் அச்சம் மிகுந்திருத்தல் வேண்டும். ஆனால் அப்படத்தைத் திறனாய்வாளரும் இரசிகரும் ஒருங்கே வெறுத்தனர். 2018இல் வந்த 'லெப்ரிகான் ரிட்டர்ன்ஸ்' நகையினை மீட்டுக்கொண்டு 1993ஆம் ஆண்டுப் படத்தின் நேர்த்தொடர்ச்சியாக அமைந்தது. அஃது ஒப்புநோக்க நல்வரவு பெற்றது. களன் அயர்லாந்தாயினும் கதையியல்பு நீங்கின் மரபு நீங்கும் என்பது இதனால் விளங்கும்.

நகையின் குற்றம்

இவ்வாறு கூறுதலால் காண்போர் நகை முழுதும் குற்றமற்றது என்பது எம் கருத்தன்று. ஐரிஷ் மக்களுக்கு இவ்வுருவம் நெடுநாளாக மனவுறுத்தல் தந்துவந்தது. அந்நாட்டின் முன்னாள் தலைமையமைச்சர் ஜான் கோஸ்டெல்லோ, 1963இல் தம் நாடாளுமன்றத்தில், சுற்றுலா விளம்பரங்கள் லெப்ரிகான் போன்ற உருவங்களால் நாட்டைச் சிறுமைப்படுத்தியதைக் கண்டித்தனர். ஒரு மக்கள் தம் கதையில் தாமே நகைத்தல் வேறு. அக்கதையைக் கொண்டு பிறர் அம்மக்களை நகைத்தல் வேறு.

இதனினும் நுண்ணியது உடற்குறை பற்றிய நகை. கலித்தொகை மருதத்துள் கூனும் குறளும் ஒருவரையொருவர் எள்ளி உரையாடும் பாடல் (94) ஒன்றுண்டு. ஆங்கு எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் உடற்குறையால் ஒத்தவர். எள்ளலின் முடிவில் உடன்பாடும் பிறக்கின்றது. திரைப்படத்திலோ குறளுடல் ஒன்றே தனித்து நிறுத்தப்படுகின்றது. காண்போர் அனைவரும் அதன் எதிரில் அமர்ந்துள்ளனர். குறளுடல் படைத்த டேவிஸ் அவ்வுடலைப் பிறர் நகைக்க விட்டு நிற்கவில்லை. தம் சொற்றிறத்தால் பிறரை நகைப்பவராகவும் நின்றனர். 2012இல் தம் மனைவியாருடன் சேர்ந்து குறளுடலார்க்கென 'லிட்டில் பீப்பிள் யூகே' என்னும் அமைப்பினை அவர் நிறுவினார். அவர்தம் கலைத்திறத்தை நகைப்போர் குற்றமிலர்; உயரத்தை மட்டுமே நகைப்போர் அக்கலையைக் கண்டவராகார்.

ஆகலின், காண்போர் நகைத்தனர் என்பது கொண்டே ஓர் அச்சப்படத்தைத் தோல்வியென முடிவு கட்டுதல் கூடாது. அவர்தம் சுவையைப் பழித்தலும் கூடாது. எவ்விடத்து நகைத்தனர், யாரை நகைத்தனர், யாரோடு நின்று நகைத்தனர் என்னும் மூன்றனையும் வரையறுத்த பின்னரே மதிப்பீடு தொடங்கல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால் 'லெப்ரிகான்' சிறந்த படம் அன்று. ஆயினும் அதனைக் கண்டு நகைத்த மக்களுள் பலர், அதனை இகழ்ந்த திறனாய்வாளரினும் நாட்டுப்புறக் கதையின் உள்ளத்திற்கு அணுக்கராய் நின்றனர் என்பதே எம் துணிபு.