அரண்மனையும் ஆர்வலர் நிழற்படமும்

லாபிஸ் வட்டாரத்துத் தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுற்றுலா செல்வோர், இஸ்தானா பெசாரையும் அதன் பூங்காவையும் படம் பிடித்து வருவதுண்டு. முன்னர்ப் பெட்டிக் கேமராவால் எடுத்தனர். இன்று கைப்பேசியால் எடுக்கின்றனர். கருவி மாறிற்று, படம் மாறவில்லை. நடுவே மாளிகை, முன்னே பசும்புல், மேலே வானம், கீழே வரிசையாக நிற்கும் பிள்ளைகள். கடையில் விற்கும் அஞ்சலட்டையின் மறுபதிப்பே அது. இத்தகைய படங்களைக் குறைகூறுவது எளிது; அவற்றில் இல்லாதது யாது என்று ஆராய்வதே பயனுடையது.

இஸ்தானா பெசார் 1866இல் அபூபக்கரால் எழுப்பப்பெற்றது. அப்போது தெமெங்கோங் ஆக இருந்த அவர், 1868இல் மகாராஜா எனவும், 1885இல் சுல்தான் எனவும் பட்டம் பெற்றார். மாளிகை தெப்ராவ் நீரிணையை நோக்கி நிற்கின்றது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். அந்நாளில் அது ஆங்கிலேயர் ஆண்ட துறைமுகம். புதிய தலைநகர் கண்ட ஆட்சியாளர் ஒருவர் தம் மாளிகையை எத்திசை நோக்கி அமைத்தார் என்பதில் ஒரு வரலாறே அடங்கியுள்ளது. ஆனால் முகப்பைப் படம் பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் அன்றோ அந்தக் கடல் கிடக்கின்றது! ஒருமுறை திரும்பி நின்று, பூங்காச் சரிவையும் நீரையும் எதிர்க்கரையையும் ஒரே படத்துள் அடக்கினால், மாளிகை அவ்விடத்தில் நிற்பதன் காரணம் விளங்கிவிடும். அத்தகைய படத்தைக் காண்பது அரிது.

அரண்மனையைப் படம் பிடிப்பது எதற்கு என்னும் வினாவுக்குத் தமிழகத்தில் பழைய சான்று ஒன்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்பார் சென்னைப் படையில் பணியாற்றிய அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில் ஆர்வத்தால் இக்கலையைக் கற்றார். 1854இல் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் பிடித்தார். பின்னரே சென்னை அரசின் நிழற்படக்காரர் ஆனார். 1858இல் அவர் மதுரையில் எடுத்த படங்களுள் திருமலை நாயக்கர் அரண்மனையும் ஒன்று. 1636இல் கட்டப்பெற்ற அம்மாளிகையின் பெரும்பகுதியை நாயக்கரின் பேரர் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பர். எஞ்சியதும் சிதைந்து கிடந்த நிலையிலேயே டிரைப் அதனைக் கண்டார். சிதைவை மறைக்காமல் எடுத்தார். நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராய் இருந்த காலத்தில் (1866–1872) மாளிகை பழுதுபார்க்கப்பெற்றது. இன்று காண்போர் காண்பது பழுது நீங்கிய மாளிகையை. பழுதுற்றிருந்த நிலையைச் சொல்ல அந்தப் படங்கள் சான்றாக நிற்கின்றன. அழகிய பகுதியை மட்டும் தேடி அவர் எடுத்திருந்தால் அச்சான்று நமக்குக் கிட்டியிராது.

டிரைப்பின் படங்களில் ஒரு வெறுமையும் உண்டு. மனிதர் நடமாட்டம் காணப்படுவதில்லை. அவர் கையாண்டது மெழுகேற்றிய தாள் முறை. ஒளி பதிய நெடுநேரம் ஆகும். அதற்குள் நடந்து செல்பவர் உருவம் தாளில் பதியாது. ஆகவே அவ்வெறுமை கருவியின் குறை. இன்றைய கருவியோ கண் இமைப்பதற்குள் பதிந்துவிடும். அவ்வாறிருந்தும் புல் வெட்டுபவர் விலகும்வரை காத்திருந்து, துடைப்பம் பிடித்தவரை ஒதுங்கச் சொல்லி எடுக்கின்றனர். இது கருவியின் குறையன்று. எடுப்பவர் மனத்தின் குறை. பூங்கா என்பது நாள்தோறும் செய்யும் வேலை. வெட்டாத புல் ஒரு திங்களில் காடாகும். அந்தக் கையை நீக்கிய படம் பூங்காவின் படம் ஆகாது.

தமிழாசிரியர்க்கு இது புதிய பாடமன்று. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையை விரித்துரைப்பது. கோல் நட்டு, நிழல் பார்த்து, நூல் பிடித்து மனை வகுத்த முறையையும் அது கூறுகின்றது. ஆயினும் நக்கீரர் அரண்மனையில் தொடங்கவில்லை. மழையில் நனைந்து, ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, குளிரால் நடுங்கித் தீக்காயும் கோவலரிடம் தொடங்குகின்றார். வயலும் தெருவும் கடந்தே மனைக்குள் புகுகின்றார். முடிவில், நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனிடம் நிறுத்துகின்றார். தொடக்கத்துக் கோவலரும் இறுதியிற் புண்பட்டோரும் இன்றேல் நடுவே உள்ள அரண்மனை வெறும் அலங்காரமாய் நின்றிருக்கும்.

பொழுதுபோக்காக எடுக்கும் படத்துக்கு இத்தனை பாரம் ஏன் என்று சிலர் வினவலாம். சென்று வந்த நினைவுக்கு ஒரு படம் இருப்பதில் தவறில்லை, அது இருக்கட்டும். ஆனால் கூலிக்கு எடுப்பவர் கொடுப்பவர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆர்வலர்க்கோ அக்கட்டு இல்லை. கட்டின்றி இருப்பவர் தாமே சென்று அஞ்சலட்டைக்குக் கட்டுப்படுவதுதான் வருந்தத்தக்கது.

இதன் விளைவு அரண்மனையோடு நிற்பதில்லை. முகப்பை மட்டும் காணப் பழகிய கண், தோட்டத்துக்கு வந்தால் துரை பங்களாவையும் அதன் பூச்செடிகளையும் மட்டுமே காணும். லயமும், பெரட்டுக்களமும், ஆயாக்கொட்டகையும் அதன் கண்ணில் படா. ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் மறைந்தன, லயங்கள் இடிந்தன. அவற்றுள் பிறந்து வளர்ந்தவர் பலரிடம் தம் வீட்டு வாசலின் படம் ஒன்றுகூட இல்லை. அரண்மனை முன் நின்ற படமோ இருக்கின்றது.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது கடினமன்று. அடுத்த சுற்றுலாவில் மாணவர் ஒவ்வொருவரும் முகப்புப் படத்தோடு வேறு மூன்றும் எடுத்து வரட்டும்: மாளிகைப் பக்கமிருந்து வெளியே நோக்கிய படம் ஒன்று, அவ்விடத்தைப் பேணுபவரை அவர் இசைவு பெற்று எடுத்த படம் ஒன்று, பழுதுற்ற ஓரிடத்தின் படம் ஒன்று. ஒவ்வொன்றிலும் நாளும் இடமும் குறிக்கட்டும். பின்னர் அதே மூன்றையும் தாம் வாழும் இடத்தில் எடுக்கட்டும். அரண்மனையைப் பேணப் பலர் உளர். லயத்தின் படத்தை அங்கே வாழ்ந்தவரின் பிள்ளைகளே பேண வேண்டும்.